திறந்து விட்ட பக்கம்

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை. மைதானத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு திரும்பியதாகத்தான் ஞாபகம். பேக்கரியம்மாவிடம் ஒருமுறை அதைச் சொன்னபோது, "மழையா? அன்னிக்கு அடிச்ச வெயில்ல பிசைஞ்ச மாவு தானா பொங்கி தொட்டிய விட்டு வழிஞ்சுது அண்ணே" என்றாள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். சரிசெய்யத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் பார்வையைத்தான். இந்தக் கதையில் எது நான் பார்த்தது, எது பிறகு கேட்டது, எது நானாக இட்டு நிரப்பிக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லை. கால்களை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன்.

என் கடைக்கு மேலே ஒரு வீடு. அதற்கு ஏறும் இரும்புப் படி, கடையின் பக்கவாட்டு ஜன்னலை ஒட்டிப் போகும். கண்ணாடி வில்லை தேய்க்கும் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், ஏறுகிறவர் இறங்குகிறவர் யாரானாலும் முழங்காலிலிருந்து பாதம் வரைதான் தெரியும். முகம் பார்க்கும் முன்பே அந்தக் குடும்பத்தின் கால்கள் எனக்குப் பழகிவிட்டன. விடியலில் மாவு ஒட்டிய செருப்போடு இறங்குவது பேக்கரியம்மா. ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து, படியைச் சோதிப்பதுபோல் இறங்குவது அவள் புருஷன் மூட்டை. மூன்று படிகளை ஒன்றாகத் தாவுவது அவள் தம்பி சிட்டு.

மூட்டை என்பது ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம், ஒப்பந்தம் முடிந்தால் மூட்டையைக் கட்டு, அடுத்த ஊர். கால்பந்தில் பின்வரிசை ஆட்டக்காரர் அவர். ஒரு ஊரில் பனி மூடி கோடு தெரியாமல் செங்கல்பொடி தூவி ஆடினார்களாம். இன்னொன்றில் வெயிலுக்குப் பயந்து விடியுமுன் பயிற்சி. ஒரு துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் கோல்கீப்பர் கத்துவது கேட்காமல், கையைப் பார்த்து ஆடப் பழகினார். பெரிய கோப்பை எதையும் அவர் தூக்கியதில்லை. கோல் போடுகிறவனை ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். போடவிடாதவனை அந்த வருடக் கடைசியில் வழியனுப்பிவிடும். அவரிடம் அதைப் பற்றிய வருத்தம் எதையும் நான் பார்க்கவில்லை. கடைக்கு வந்தால் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவார். நான் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் போகும். எழுந்து, "வர்றேண்ணே" என்பார். நல்ல பேச்சுத்துணை என்று அவரை நான் நினைத்துக்கொள்வேன்.

பேக்கரியம்மா எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரமே வேலை தேடிக்கொண்டுவிடுவாள். "ரொட்டி திங்காத ஊரு எதுண்ணே இருக்கு?" என்பாள். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் மாவு பிசையும் மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. வேலையில் மேலே போகும் நேரத்தில் ஊர் மாற்றல் வரும். இங்கே வந்தபிறகுதான், அடுத்த வருடம் முதல் அடுப்புப் பொறுப்பு முழுக்க அவளுக்கு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இன்னொரு ஊர் என்ற பேச்சை யாராவது எடுத்தாலே அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

தாயும் தகப்பனும் போனபிறகு சிட்டு அவர்களோடுதான் வளர்ந்தான். அக்கா வீட்டுச் சாமான்களோடு சாமானாக ஊர் ஊராக வந்தவன். இப்போது ஆற்றங்கரை அணியில் வலது ஓரத்தில் ஆடினான். மூட்டை ஆலை அணியில். ஒரே ஊர், ஒரே வீடு, எதிரெதிர் அணி. பேக்கரியம்மா மாடியில் இரண்டு கொடி கட்டியிருந்தாள், நீலச் சட்டைக்கு ஒன்று, சிவப்புச் சட்டைக்கு ஒன்று. சாயம் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று.

ஞாயிறு மதியம் எனக்கும் மேலேதான் சோறு. சோற்றுத் தட்டின் முன்னால் பந்துப் பேச்சு கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். மீறுவதற்காகவே போட்ட சட்டம் போலிருக்கும்.

"மாமா, நீங்க ஆடுறதப் பாத்தா, வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்த வாட்ச்மேன் மாதிரியே இருக்கு" என்றான் சிட்டு ஒருநாள், வாயில் முட்டையோடு.

"வாட்ச்மேன் தூங்குவான்டா மாப்ளே. நான் தூங்கறதில்ல."

"போன வாரம் அந்தப் பொடியன் உங்களத் தாண்டி ஓடினப்போ?"

"ஓடினான். ஓடி என்னத்தக் கண்டான்? வெளிப்பக்கமா விட்டேன். கோடு வரைக்கும் போய்க் கொடிக்கம்பத்துக்கு வணக்கம் வச்சுட்டுத் திரும்பி வந்தான்."

நான் விளங்காமல் பார்த்தேன். மூட்டை பருப்புக் கிண்ணத்தை கோல் ஆக்கி, தண்ணீர்த் தம்ளரைத் தானாக்கிக் காட்டினார். கிண்ணம் இருக்கும் பக்கம் உள்பக்கம். கோட்டைப் பார்த்த பக்கம் வெளிப்பக்கம். பின்வரிசைக்காரன் உள்பக்கத்தை அடைத்து நிற்பான். பந்தோடு வருகிறவன் ஓரமாகப் போய் ஒன்றுமில்லாமல் ஆவான்.

"உள்பக்கம் என்னிக்கும் பூட்டு. நல்லா கேட்டுக்க மாப்ளே. என்னை மாதிரி கிழட்டு ஆளு உள்பக்கக் கதவத் தொறந்து வச்சிருந்தான்னா, உள்ள நாய் கட்டியிருக்கான்னு அர்த்தம். போயிடாத."

"இதையே எத்தனை ஊர்ல சொல்லிட்டீங்க மாமா. தூக்கத்துலகூட எனக்கு நாய் குரைக்குது."

"பருப்பு ஆறிப்போச்சு, கோல் போட்டது போதும்" என்று பேக்கரியம்மா கிண்ணத்தை நகர்த்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கட்டில்ல கூட இவரு வாசப்பக்கம்தான் படுப்பாருண்ணே. கல்யாணமான நாள்லேர்ந்து நான் சுவத்தோட பல்லி மாதிரி ஒட்டிக் கெடக்கேன்" என்றாள்.

மூட்டை சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஆலைக்கும் ஆற்றங்கரைக்கும். அதற்கு முந்தைய வாரம் மூட்டை என் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் சக்கரத்தில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் சிட்டுவின் கால்கள் இறங்கிப் போயின. தாவவில்லை என்பதைக்கூட நான் கவனித்திருக்க மாட்டேன். மூட்டை எழுந்து ஜன்னலருகே வந்து நின்றார். அவன் தெருமுனை திரும்பியபிறகும் நின்றார்.

"நாலு நாளாப் பாக்கறேன். எல்லாப் படிக்கும் இடது கால்தான் மொதல்ல எறங்குது" என்றார்.

"அதனால?"

"எறங்கறப்போ வலிக்கிற கால மொதல்ல கீழ விடுவோம். நல்ல கால்தான் மேல மடங்கி உடம்பத் தாங்கும். எங்க எல்லாருக்கும் தெரியும். இடது முட்டி போயிருக்கு."

"உன்கிட்ட சொன்னானா?"

"எப்படிச் சொல்லுவான்? இந்த ஆட்டத்துக்குப் பெரிய அணி ஆளுங்க அவனப் பாக்க வர்றாங்க. மூச்சு விடமாட்டான்."

"நீயாவது கேளேன். ஆடவேண்டாம்னு சொல்லு."

"எதிர்ல ஆடப்போறவன் போய் ஆடாதன்னா என்னண்ணே நெனைப்பான்? மாமா பயந்துட்டாருன்னுதான்." குனிந்து தன் கணுக்காலைத் தடவினார். "நானும் கட்டுப் போட்டு மறைச்சு ஆடினவன்தான். அப்ப எவனாவது நிறுத்துன்னு சொல்லியிருந்தா, அவன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

மேசைமேல் கிடந்த இரண்டு கண்ணாடிச் சட்டங்களை எடுத்து எதிரெதிராக வைத்தார். ஒன்றை மெதுவாக நகர்த்தினார்.

"நான் உள்பக்கத்த அடைச்சா அவன் வெளிய திரும்பணும். அதுக்கு இடது கால ஊனி உந்தணும். என் வேலைய ஒழுங்கா செஞ்சேன்னா, ஆட்டம் முழுக்க அந்த முட்டி மேலதான் செய்யணும்."

"உள்பக்கம் விட்டா?"

"வலது கால ஊனி உள்ள திரும்புவான். முட்டிக்கு ஒண்ணும் ஆகாது." சட்டத்தைக் கீழே வைத்தார். "நேரா கோல்."

சக்கரம் ஓய்ந்து நின்றிருந்தது. ஆலை அணி கோச் அவரைக் கூப்பிட்டு, மச்சானை அடைத்துக் காட்டினால் இன்னொரு வருட ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். இன்னொரு வருடம் என்றால் பேக்கரியம்மாவுக்கு அடுப்புப் பொறுப்பு. இல்லையென்றால் மறுபடி மூட்டை. கோச் இன்னொன்றும் கேட்டிருந்தார், வீட்டில் ஒன்றாக இருக்கிறீர்களே, மச்சானின் பலவீனம் என்னவென்று.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"தின்ன தட்டக் கழுவமாட்டான்னு சொன்னேன்."

ஆட்டத்துக்கு பேக்கரியம்மா வரவில்லை. இருவரும் ஆடும் ஆட்டத்தை அவள் பார்ப்பதில்லை. "ஒரு கண்ணால அழுது, ஒரு கண்ணால சிரிக்க எனக்குத் தெரியாது" என்று வேலைக்குப் போய்விட்டாள். நான் போனேன். ஆலை வாசலுக்கு எதிர்ப்புறம் இருந்த மைதானத்தில், சிமெண்டு மேடையில் எனக்கு இடம் கிடைத்தது.

முதல் பாதி முழுக்க மூட்டை சிட்டுவின் பக்கமே போகவில்லை. பக்கத்தில் நின்ற ஆளை அவனிடம் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் தங்கினார். என் பின்னாலிருந்த ஒருவன், "மச்சான் மரியாதை நடக்குதுடா" என்று கேலி செய்தான். சிட்டுவும் ஓட்டத்தை அளந்துதான் செலவழித்தான். வலி இருப்பது தெரிந்திருந்ததால்தான் எனக்கு அது தெரிந்தது.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. நடுவிலிருந்து ஒரு நீளமான பந்து. சிட்டு அதை நெஞ்சில் வாங்கி இறக்கினான். எதிரில் மூட்டை மட்டும். மற்றவர்கள் எல்லாம் முன்னால் ஏறிப் போயிருந்தார்கள். மேடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்; நானும் நின்றேன். சிட்டு பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூட்டை இரண்டடி பின்வாங்கினார். பிறகு வெளிப்பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்து, உடம்பைக் கோட்டின் பக்கம் திருப்பினார்.

உள்பக்கம் திறந்து கிடந்தது. ஒரு வண்டியே போகலாம். அந்தப் பக்கம் கோல்கீப்பரைத் தவிர ஒரு ஆள் கிடையாது. எனக்கே தெரிந்தது.

சிட்டு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைதான் எனக்கு இன்னும் விளங்கிக்கொண்டிருக்கிறது. பந்து அவன் காலடியில் ஒரு கணம் நின்றது. பிறகு உதட்டில் ஒரு சிரிப்போடு வெளிப்பக்கமாகத் திரும்பினான், இடது காலை ஊன்றி.

யாரும் தொடவில்லை. அவன் கத்தவும் இல்லை. நனைந்த துணி கொடியிலிருந்து விழுவதுபோல் விழுந்தான்.

பந்து கோட்டைத் தாண்டி உருண்டு போயிற்று. ஆலைக்காரர்கள் கை தட்டினார்கள். கோச் ஓடிவந்து மூட்டையின் முதுகில் தட்டினார். மூட்டை மண்டியிட்டு சிட்டுவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் பேக்கரிக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் செய்தி அங்கே போய்விட்டது. உன் புருஷன் பொறி வைத்து உன் தம்பியை முடித்துவிட்டான் என்று. அவள் மாவுக் கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புருஷனைப் பார்த்து, "தொட்டீங்களா?" என்றாள்.

"தொடல."

"தொடாம எப்படி விழுந்தான்?"

மூட்டை முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து சிட்டு வீடு வந்தான். நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி இரும்புப் படியில் ஏற்றினோம். நாற்காலியின் முன்கால் இரண்டையும் பிடித்தது மூட்டை. டாக்டர் நடக்கலாம், ஓடவும் செய்யலாம், ஆடுவதை மறந்துவிடு என்று சொல்லியிருந்தார். நான் மேலே போகும்போதெல்லாம் சிட்டு தலையணைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். வருத்தத்தைவிட அவனிடம் ஒரு பெருமை இருந்தது. அதுதான் பார்க்க முடியவில்லை.

"கண்ணாடியண்ணே, நீங்க பாத்தீங்கல்ல? மாமா உள்பக்கத்த அப்படியே பந்தி போட்ட மாதிரி தொறந்து வச்சாரு. வேற எவனா இருந்தாலும் பாஞ்சிருப்பான். நான் மாட்டல. பொறியில மாட்டல, பாழாப்போன முட்டிலதான் மாட்டினேன். என்ன மாமா, நாய எங்க கட்டியிருந்தீங்க?"

மூட்டை ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து முடித்தார்.

"நல்லா பாத்துட்ட மாப்ளே" என்றார்.

கீழே வந்து என்னிடம் சொன்னார். "சோறு வேளாவேளைக்கு வருதுண்ணே. உப்பு, காரம் எல்லாம் அளவா இருக்கு. அதுதான் பயமா இருக்கு. கோவத்துல கொஞ்சம் உப்பக் கொட்டினான்னா நிம்மதியா இருக்கும்."

"உண்மையச் சொல்லிடேன். அவகிட்டயாவது."

"அவகிட்ட சொன்னா அவன்கிட்டப் போகும். என்னன்னு சொல்ல? தொறந்த கதவு தொறந்த கதவுதான், நாயும் இல்ல பேயும் இல்ல, போயிருந்தா கோல், போயிருந்தா பெரிய அணி, நீதான் புத்திசாலின்னு நெனச்சு காலையும் ஒடிச்சுக்கிட்டன்னா?" நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்தப் புத்தியக் குடுத்தவன் நான். இப்ப அவன்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கறதா?"

சில நாள் கழித்து பேக்கரியம்மா கடைக்கு வந்தாள். தன் கண்ணாடியின் திருகாணி தளர்ந்துவிட்டது என்று நீட்டினாள். அது நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் வாங்கித் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஆட்டத்த நீங்க பாத்தீங்கல்ல அண்ணே?"

"பாத்தேம்மா."

"பொறின்னா உள்ள ஆள் வேணுமே. அவரு உள்பக்கத்த விட்டப்போ பின்னால யாரு நின்னா?"

நான் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துடைத்தேன்.

"யாரும் நிக்கல, இல்ல?"

துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன். என் பேசாமையை அவள் நன்றாக அறிந்தவள்.

"கட்டில்ல கூட வாசப்பக்கத்த விடாத மனுஷன்" என்றாள். குரல் உயரவில்லை. "முட்டியப் பாத்துட்டாரு. அவரு கண்ணுக்குத் தப்புமா? நான்தான் தப்பும்னு நெனச்சேன்."

"உனக்கும் தெரியுமா?"

"எண்ணெய் சூடு பண்ணித் தேச்சு விட்டதே நான்தானே. அக்கா, மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதன்னான். அவரு அத மைதானத்துல பயன்படுத்திக்குவாரோன்னு எனக்கும் ஒரு பயம். இத்தன வருஷம் கூட வாழ்ந்துட்டு, அவரப்போய் அப்படி நெனச்சேன் பாருங்க. சொல்லியிருந்தா மூணு பேரும் உக்காந்து ஒரு வழி பண்ணியிருக்கலாம்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

"தம்பிக்குத் தெரியவேண்டாம்" என்றேன்.

"தெரியக் கூடாது" என்றாள். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். ஜன்னலில் அவள் கால்கள் ஏறின. பாதிப் படியில் நின்றன. எவ்வளவு நேரம் நின்றன என்று சொன்னால் மிகையாகிவிடும். பிறகு ஏறிப் போயின.

அந்த வாரமே ஆலை அணியிலிருந்து மூட்டையைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அந்தப் பொறியைப் பற்றிப் புதுப்பையன்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லியும் கேட்டார்களாம். அவர் நேராக என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போடல."

"ஏம்ப்பா?"

"எதுக்காகக் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சப்புறம் எப்படிண்ணே போடறது?"

"மேல சொல்லிட்டியா?"

"இனிமேதான். அடுப்புப் பொறுப்பு இருக்கே, அத நெனச்சாத்தான் படி ஏற முடியல."

ஞாயிற்றுக்கிழமை. நான் இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே, ஆட்டம் போதுமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். காரணமாகக் கால் ஓய்ந்துவிட்டது என்றார். சிட்டு கையில் எடுத்த கவளத்தோடு அவரைப் பார்த்தான்.

"என்ன மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துலயா கால் ஓயணும்?"

பேக்கரியம்மா பருப்புக் கிண்ணத்தை எடுத்தாள். அவருக்குப் பருப்பு ஊற்றினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"அப்ப எந்த ஊருக்கும் போகவேண்டாம்."

"எனக்கு வேற வேலை தெரியாதே."

"ஒன்பது தடவ வீட்டுச் சாமானக் கட்டிப் பிரிச்சிருக்கோம். ஒரு தம்ளர் ஒடஞ்சிருக்கா? அதைவிட வேலை வேணுமா? அடுப்பு என் கையில இருக்கு. ஒரு வருஷம் மெதுவாத் தேடுங்க." சொல்லிவிட்டு உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "இன்னிலேர்ந்து நீங்க சுவத்துப் பக்கம் படுங்க. வாசல நான் பாத்துக்கறேன்."

"என்னக்கா, மாமாவ ஓரங்கட்டிட்ட?" என்று சிட்டு சிரித்தான்.

மூட்டை தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். காது சிவந்திருந்தது. பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அவள் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. தன் தட்டில் கை வைக்காமல் அவரோடு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் அந்த ஊரிலேயே தங்கினார்கள். பேக்கரியம்மா அடுப்புப் பொறுப்பை ஏற்று, கண் பார்வை குறையும்வரை அதில் இருந்தாள்; கடைசிக் கண்ணாடியும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். மூட்டை வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் கட்டி ஏற்றிவிடும் வேலையில் இறங்கினார். பெயரும் தொழிலும் ஒன்றாகிவிட்டதில் எல்லோருக்கும் சிரிப்பு. சிட்டு அவருடைய வண்டியை ஓட்டுகிறான். கல்யாணமாகி இரண்டு பெண்கள். ஆலை அணி கலைந்துவிட்டது. மைதானத்தில் இப்போது கட்டடங்கள். நான் கடையை மூடிவிட்டு அதே கட்டடத்தில் பின்னறையில் இருக்கிறேன், வாசிக்கிறேன். அந்த இரும்புப் படி இன்னும் இருக்கிறது. சிட்டு அக்காவைப் பார்க்க வருவான், போவான். இறங்கும்போது இடது கால்தான் முதலில் வருகிறது. சாமான் ஏற்றும் ஆட்களுக்கு ஓய்வு நேரத்தில் அவன் விரும்பிச் சொல்லும் கதை, மாமா வைத்த பொறியில் தான் மாட்டாமல் போன கதைதான். மூட்டை பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருப்பார். ஆமாம் என்று தலையாட்டுவார்.